பென்டெல் பாக்கெட் பிரஷ் பேனா: தினமும் வரைகிறவர் கையில் எப்படி?

பெயர்தான் பேனா, உண்மையில் இது மூடி போட்ட தூரிகை. வாங்கி நாலு நாள் கிறுக்கிப் பார்த்துவிட்டு மேசை டிராயருக்குள் போட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல்தான் ஏமாந்து போகிறார்கள். சந்தையில் பிரஷ் பேனா என்று விற்கும் பலவற்றின் நுனி மார்க்கரில் இருப்பதுபோன்ற ஃபெல்ட், அல்லது வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக். இதன் நுனியில் இருப்பவை தனித்தனி நைலான் இழைகள், ஒரு கட்டாகச் சேர்ந்து கூராக முடிகிறவை. அழுத்தினால் விரியும், எடுத்தால் மறுபடி கூடும். தலைமுடி அளவுக் கோட்டில் தொடங்கி, அதே இழுப்பில் விரல் நகத்தில் பாதி அகலத்துக்குப் போய், மறுபடி ஒன்றுமில்லாமல் முடிக்கலாம். கூடவே ஒவ்வொரு நடுக்கத்தையும் அப்படியே தாளில் காட்டிக்கொடுக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனிதர்கள், விலங்குகள், மரங்கள், துணி மடிப்புகள் என்று உயிரும் அசைவும் உள்ளவற்றை வேகமாக வரைகிறவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். கட்டடம், வாகனம், இயந்திர பாகம், பொடி எழுத்து என்றால் இதை இரண்டாவது கருவியாக வைத்துக்கொண்டு, முதல் வேலையை மெல்லிய நுனிப் பேனாவிடம் விடுவது நல்லது.

பெட்டியைத் திறந்ததும் பலர் செய்யும் முதல் தவறு அவசரம். உடலைத் திருகித் திறந்தால் கழுத்துப் பகுதியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். வரும் வழியிலேயே கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த சிறு குழாய்) குத்துப்பட்டுவிடாமல் இருக்க வைத்தது அது. அதைக் கழற்றி எறியாமல் எவ்வளவு இறுக்கினாலும் மை வராது. வளையத்தை எடுத்தபின் கார்ட்ரிட்ஜை முன்பகுதியில் நேராக வைத்து, உள்ளே குத்தும் உணர்வு தெரியும்வரை தள்ளி, உடலைத் திருகி மூட வேண்டும். பிறகு மூடியோடு நுனி கீழே பார்க்க நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். இழைகளின் அடியிலிருந்து கறுப்பு மெதுவாக இறங்கிவரும். பொறுமை இல்லாமல் கார்ட்ரிட்ஜை நசுக்கினால் மை சீக்கிரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் தேவைக்கு மேல் வந்து இழைகளின் வேரில் தேங்கிக்கொள்ளும். முதல் பத்துப் படங்களில் கோடு தடிமனாக, கட்டுப்பாடின்றி ஓடுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். நசுக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை, மிக லேசாக. அதுவும் நுனிக்கு அடியில் டிஷ்யூ தாளைப் பிடித்துக்கொண்டு.

மை பிக்மென்ட் வகை, அதாவது நீரில் கரையாத நிறத்துகள்கள் கலந்தது. காய்ந்தபின் தண்ணீர் பட்டால் கரையாது, வெளிச்சத்துக்கும் எளிதில் மங்காது. இதன் மேல் நீர்வண்ணம் பூசலாம் என்பது பலர் இதை வாங்க முக்கியக் காரணம். ஆனால் அந்த ‘காய்ந்தபின்’ என்ற சொல்லுக்குள் நிறைய சிக்கல் இருக்கிறது. அதைத் தாளைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

பிடிக்கும் முறை தெரியாமல் இந்தப் பேனாவை மதிப்பிட முடியாது. எழுதும் பேனாவைப் பிடிப்பதுபோல் நுனிக்குப் பக்கத்தில், சாய்த்துப் பிடித்தால் கோடு எப்போதும் நடுத்தரத் தடிமனிலேயே நிற்கும். அதற்குச் சாதாரண மார்க்கரே போதும். மெல்லிய கோடு வேண்டுமானால் பேனாவைத் தாளுக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிறுத்தி, சற்று மேலே தள்ளிப் பிடித்து, நுனியின் கடைசி ஓரிரு இழைகள் மட்டும் தொடும்படி ஓட்ட வேண்டும். தடித்த கோட்டுக்குச் சாய்த்து, இழைகளின் வயிற்றைப் படுக்கவைக்க வேண்டும். இரண்டையும் விரலால் செய்ய முயன்றால் கை நடுங்கும். நீண்ட கோட்டுக்கு முழங்கையும், பெரிய வளைவுக்குத் தோளும் அசைய வேண்டும். சுண்டு விரலின் நகப் பக்கத்தைத் தாளில் ஊன்றி வழுக்கிக்கொண்டே போவது நடுக்கத்தைப் பாதியாகக் குறைக்கும்.

தினமும் வரைகிறவர்களின் வழக்கத்தில் இந்தப் பேனாவுக்குப் பொருத்தமான நேரம் வேலையின் தொடக்கம். கையைப் பழக்க ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். ஒரு பக்கத்தில் மெல்லியதாகத் தொடங்கித் தடித்து மெலியும் கோடுகளை வரிசையாக இருபது. இரண்டாவது வரிசையில் அதையே தலைகீழாக, தடித்துத் தொடங்கி மெலிந்து முடிவதாக. மூன்றாவதில் நீள்வட்டங்கள்: ஒரு பக்கம் மெலிவாக, மறு பக்கம் தடிப்பாக. இந்த மூன்றாவதுதான் கஷ்டம். கோட்டின் பாதியில் அழுத்தத்தை மாற்றும்போது வேகம் மாறக்கூடாது, ஆனால் கை வேகத்தை மாற்றவே பார்க்கும். அதன்பின் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நேரம் வைத்து உருவங்கள். அரை நிமிடத்தில் தலை, முதுகின் வளைவு, எடை தாங்கும் கால் இந்த மூன்றுக்கு மேல் எதையும் வரைய முடியாது. அந்தக் கட்டாயம்தான் பயிற்சி.

பென்சில் வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் வரும். நேரடியாக மையில் இறங்குவதுதான் இந்தக் கருவியின் குணத்துக்கு ஏற்றது. ஆனால் பிரசுரத்துக்கான படம், மாற்றச் சொல்வார்கள் என்று தெரிந்த வேலை என்றால் அடியில் வரைவு இல்லாமல் முடியாது. அப்போது மென்மையான 4பி, 6பி பென்சில்களைத் தவிர்க்க வேண்டும். கிராஃபைட் தடிமனாகப் படிந்த இடத்தில் மை தாளுக்குள் இறங்காமல் மேலே நிற்கும். ரப்பர் போட்டால் கிராஃபைட்டோடு கறுப்பின் மேல்படலமும் உரிந்து, ஆழமான கறுப்பு சாம்பலாகிவிடும். எச் அல்லது 2எச் பென்சிலில் மிக லேசாகப் போட்டு, மை நன்றாகக் காய்ந்தபின் பிசைந்து உருட்டும் ரப்பரால் ஒற்றி எடுப்பது பாதுகாப்பு. தேய்க்கக்கூடாது. இளநீலப் பென்சில் இன்னும் வசதி: ஸ்கேன் செய்தபின் அந்த நிறத்தை மட்டும் நீக்கிவிடலாம், ரப்பருக்கே வேலையில்லை.

இனி தாள். இந்தப் பேனாவைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி உண்மையில் தாளைப் பற்றியவை.

80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அச்சுத்தாளில் பயிற்சி செய்யலாம். கோட்டின் ஓரம் லேசாகப் பிசிறும், பெரிய கறுப்புப் பரப்பு பின்பக்கம் தெரியும், ஈரம் பட்டால் தாள் அலையும். பக்கத்தின் இரு புறமும் பயன்படுத்த வேண்டுமென்றால் 150 ஜிஎஸ்எம் அளவில் இருந்து பார்ப்பது நல்லது. வழவழப்பான தாளில் கோடு கத்தியால் வெட்டியதுபோல் கூராக வரும், ஆனால் காய நேரம் எடுக்கும். கை பட்டால் இழுபடும். சொரசொரப்பான தாளில் வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் மை ஒட்டிப் பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். இந்த உலர்தூரிகைத் தடம்தான் இந்தப் பேனாவின் தனி அழகு. மரப்பட்டை, கலைந்த தலைமுடி, பழைய சுவர், நாயின் முதுகு எல்லாம் ஒரே இழுப்பில் கிடைக்கும். ஃபெல்ட் நுனியில் இந்தத் தடத்தை எவ்வளவு முயன்றாலும் இவ்வளவு நன்றாகக் கொண்டுவர முடியாது.

ஸ்டில்மேன் அண்ட் பர்ன் நோட்டுகளில் எடுத்துக்காட்டு சொன்னால், எப்சிலான் வரிசை 150 ஜிஎஸ்எம் வழவழப்புத் தாள், கூர்கோடு விரும்புகிறவர்களுக்கு. ஆல்ஃபா அதே எடை, ஆனால் லேசான சொரசொரப்பு. கோடும் உலர்தடமும் இரண்டும் வேண்டுமென்றால் இதுவே நடுநிலை. ஸீட்டா 270 ஜிஎஸ்எம், வழவழப்பு. வண்ணமும் சேர்க்கிறவர்களுக்கு ஏற்றது. எடை கூடினால் பக்கங்கள் குறையும், நோட்டு கனக்கும், கையோடு எடுத்துப்போகும் பழக்கம் மெல்ல நின்றுபோகும். 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாளில் தினசரிப் பயிற்சி செய்யத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் தாளை வீணாக்கப் பயந்தே வரையாமல் விட்டுவிடுகிறார்கள். மலிவான தாளில் ஐம்பது உருவம் என்பது நல்ல தாளில் இரண்டைவிட மேல்.

காயும் நேரத்துக்கு வருவோம். நீர்வண்ணத் தாளில் தண்ணீர் உடனே உறிஞ்சப்படாமல் இருக்க ஜெலட்டின் போன்ற பசைப்பூச்சு இருக்கும். அதே பூச்சு இந்த மையையும் மேலேயே நிறுத்திவைக்கும். மெல்லிய கோடு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆனால் தேங்கிய கறுப்பு மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் ஈரமாக இருக்கும். அதன் மேல் ஈரத் தூரிகையை ஓட்டினால் கறுப்பு கலங்கி மஞ்சள் சேறாகும், சிவப்பு அழுக்காகும். மஞ்சளில் முதலில் தெரியும் என்பதால் பழி மஞ்சள் மேல் விழும். கோடுகளுக்கு மேல் லேசான வண்ணம் என்றால் கால் மணி நேரம், பெரிய கறுப்புப் பரப்புக்கு மேல் என்றால் மறுநாள். அவசரமென்றால் வரிசையை மாற்றிவிடலாம்: முதலில் வண்ணம், அது காய்ந்தபின் கறுப்பு. பத்திரிகை வேலையில் நேரம் இல்லாதவர்களுக்கு இதுதான் சரிப்படும். ஆல்கஹால் மார்க்கர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே கோடு கலங்குவதோடு மார்க்கரின் நுனியும் கறுத்துவிடும்.

என்ன வரைய இது நல்லது? கறுப்பாக ஒரு பெரிய உருவத்தை முதலில் பார்க்க முடிகிற எதுவும். வெயிலில் நிற்கும் ஆளின் பாதி உடல் நிழலில் இருந்தால், அந்த நிழலை ஒரே திட்டாக வைத்துவிட்டு வெளிச்சப் பக்கத்துக்குக் கோடே போடாமல் விடலாம். பார்ப்பவரின் கண் அதை முடித்துக்கொள்ளும். தலைமுடியை இழை இழையாக வரைவதற்குப் பதில் கறுப்புப் பந்தாக வைத்து ஓரத்தில் மட்டும் நாலு இழை. துணி மடிப்பில் இறுக்கமாக இழுபடும் இடத்தில் மெல்லிய கோடு, தொங்கிக் குவியும் இடத்தில் தடித்த கோடு. அழுத்தமே எடையைச் சொல்லிவிடும். காக்கைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை எனலாம். தூங்கும் நாய், பூனை, ஆடு எல்லாம் நன்றாக வரும். கைகள் ஓரளவுக்கு. முகங்கள் உள்ளங்கை அளவுக்குக் கீழே போனால் கடினம், கண்ணிமையும் புருவமும் ஒன்றாகிவிடும்.

ஜன்னல் வரிசைகள், கம்பிகள், படிக்கட்டு, சைக்கிள் சக்கரம் இவற்றில் இந்தப் பேனா சோதிக்கும். அங்கே சகுரா பிக்மா மைக்ரான் போன்ற பேனாவைக் கூட்டுச் சேர்க்கலாம். அதில் 01 என்பது 0.25 மி.மீ., 03 என்பது 0.35 மி.மீ., 05 என்பது 0.45 மி.மீ. எண்ணையே தடிமன் என்று நினைத்து 01 வாங்கி ‘0.1 இவ்வளவு தடிப்பா’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. 03 ஒன்று போதும்: உருவமும் நிழலும் தூரிகையில், கம்பிகளும் எழுத்தும் மைக்ரானில். சொரசொரப்பான தாளில் மைக்ரானின் பிளாஸ்டிக் நுனி சீக்கிரம் தேயும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தூரிகையின் நெகிழ்வைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் டோம்போ ஃபுடேனோசுகே என்ற பிரஷ் பேனாவின் கடின நுனியில் தொடங்கலாம். அதில் தடிமன் மாற்றம் குறைவு, கட்டுப்பாடு அதிகம், உலர்தடம் கிட்டத்தட்ட கிடையாது.

கருவி மாறினால் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம் என்பதும் மாறும். இதைக் கையில் எடுத்தபின் பார்க்க வேண்டியவை தூரிகைக் கோட்டில் ஊறிய படங்கள். ஜப்பானிய ஓவியர் கட்சுஷிகா ஹொகுசாயின் வரைவுத் தொகுதிகள் 1814இல் வெளிவரத் தொடங்கின. ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து ஆட்கள், குளிப்பவர், தூக்குபவர், தும்முபவர் என்று சிதறிக் கிடப்பார்கள். அவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. கோட்டின் தொடக்கமும் முடிவும் உளியால் தீர்மானமானவை என்பதை மறந்துவிட்டு அப்படியே பேனாவில் கொண்டுவர முயன்றால் வராது. தமிழ்ப் பத்திரிகை ஓவியம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கோபுலுவின் படங்களே பெரிய பாடம்: முதுகை எங்கே வளைத்தார், எங்கே கோட்டை நிறுத்திவிட்டார் என்று மட்டும் பார்த்தால் ஒரு மாதத்துக்குப் போதும்.

பார்த்து வரையும் முறையில் ஒரு திருத்தம். முழுப் படத்தையும் நகல் எடுப்பதில் நேரம் போகும், கற்பது குறைவு. 5 செ.மீ.க்கு 7 செ.மீ. கட்டம் ஒன்று போட்டு, பிடித்த படத்தில் கறுப்பாக உள்ள இடங்களை மட்டும் அதில் திட்டுகளாக வைக்க வேண்டும். கோடு கூடாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் எது கறுப்பு என்பது தானே தெரியும். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். அந்தக் கட்டத்திலேயே படம் நிற்கிறது என்றால் அதன் அமைப்பு நல்லது. நிற்கவில்லை என்றால் அந்த ஓவியர் கோட்டின் அழகால் சமாளித்திருக்கிறார் என்று அர்த்தம், அதையும் தெரிந்துகொள்வது லாபமே. போன் திரையைப் பார்த்து நகலெடுக்கும்போது இன்னொரு சிக்கல்: திரையில் பெரிதாக்கிப் பார்த்த கோட்டின் அசல் அளவு நமக்குத் தெரியாது. ஆள் உயரத் தாளில் தோளால் இழுத்த கோட்டை உள்ளங்கை அளவில் விரலால் வரைந்துவிட்டு, உயிர் இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை. சேகரித்த படங்களை ஓவியர் பெயரில் அடுக்காமல் ‘குனிந்த முதுகு’, ‘கூட்டம்’, ‘மழை’, ‘உட்கார்ந்த கால்’ என்று பொருளின்படி அடுக்கிவைத்தால் வேலை நடுவில் தேடி எடுக்க முடியும்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. மை ஓட்டத்தை நாம் கட்டுப்படுத்த முடியாது. தூரிகையை மையில் தொட்டு ஓரத்தில் வழித்துக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. நுனியில் மை அதிகமாக இருந்தால் உலர்தடம் வராது. பக்கத்தில் ஒரு துணுக்குத் தாளை வைத்துக்கொண்டு, இழைகளைப் படுக்கவைத்து இரண்டு முறை வழித்தபின் வரைவதுதான் வழி. விமானத்திலும் மலைப்பாதையிலும் காற்றழுத்தம் மாறினால் மை மூடிக்குள் கசியும். நுனி மேலே பார்க்க வைக்க வேண்டும், திறப்பதற்கு முன் டிஷ்யூ எடுத்துக்கொள்ள வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு வழவழப்புத் தாள் எதிரி. அவர்கள் கைக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வலமிருந்து இடமாகப் படத்தை நிரப்ப வேண்டும்.

நுனி பிளந்து இரண்டு கோடாக விழுவது அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலும் வேரில் காய்ந்த மைதான் காரணம். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, முன்பகுதியை வெதுவெதுப்பான நீரில் பிடித்து, நீர் தெளிவாகும்வரை விட வேண்டும். கொதிநீர் கூடாது, நைலான் வளைந்தால் மீளாது. பிறகு டிஷ்யூவில் ஒற்றி, விரலால் நுனியைச் சேர்த்து, ஓர் இரவு காயவிட வேண்டும். ஈரத்தோடு கார்ட்ரிட்ஜைப் போட்டால் முதல் பக்கங்கள் சாம்பலாக வரும். ஒரே ஒரு இழை மட்டும் தனியே நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்கக்கூடாது, பக்கத்து இழைகளும் தளரும். சிறு கத்தரியால் வேரோடு ஒட்டி வெட்டிவிடலாம். சாய்வாக மூடும்போது இழை மூடியின் ஓரத்தில் மாட்டி மடங்குவதும் இந்தச் சேதத்துக்கு ஒரு காரணம். நேராகப் பார்த்து மூடுவது சலிப்பான பழக்கம்தான், ஆனாலும் பேனாவின் ஆயுள் அதில் இருக்கிறது.

காலி கார்ட்ரிட்ஜை ஊசிக்குழாயால் நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். பிளாட்டினம் கார்பன் போன்ற, பேனாக்களுக்கென்றே செய்த பிக்மென்ட் மை ஒத்துப்போகும். சாதாரண ஊற்றுப்பேனா மைகள் பெரும்பாலும் சாய வகை: பேனாவுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மேலே வண்ணம் பூசினால் கரைந்து ஓடும். ஷெல்லாக் (அரக்கு) கலந்த இந்தியன் இங்க் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உள்ளே காய்ந்தால் வெதுவெதுப்பான நீருக்கு அசையாது, பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அச்சுக்கு அனுப்பும் படம் என்றால் கடைசியாக ஸ்கேன். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் உலர்தடத்தின் பொடிப் புள்ளிகள் சாம்பல் புகையாகிவிடும். 600 டிபிஐ கிரேஸ்கேலில் (சாம்பல் சாயல்களோடு) எடுத்து, கறுப்பையும் வெள்ளையையும் படத் திருத்தச் செயலியின் லெவல்ஸில் இழுத்து நிறுத்துவது பாதுகாப்பான வழி. வெறும் கறுப்பு வெள்ளைக் கோப்பு கேட்டால் 1200 டிபிஐ வரை போகலாம். அப்போது த்ரெஷோல்டை, அதாவது எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் எல்லையை, ஒரே எண்ணில் வைக்காமல், உலர்தடம் உள்ள பகுதிக்குத் தனியாகவும் மெல்லிய கோடுள்ள பகுதிக்குத் தனியாகவும் வைத்துச் சேர்த்தால் இரண்டும் பிழைக்கும்.

சாம்பல், செபியா நிறங்களிலும் இதே பேனா கிடைக்கிறது. இரண்டில் சாம்பல்தான் கூடுதல் பயன்: நிழல் திட்டுகளை முதலில் சாம்பலில் வைத்து, இறுக்க வேண்டிய இடத்தை மட்டும் கறுப்பில் இறுக்கலாம், நேரடியாகக் கறுப்பில் இறங்கப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல ஊன்றுகோல். செபியா பழைய படம் போன்ற தோற்றம் தரும், அவ்வளவுதான். முதல் முறை வாங்குகிறவர் கறுப்பையும் கூடவே ஒரு கட்டு மாற்றுக் கார்ட்ரிட்ஜும் வாங்கட்டும். பயிற்சி நன்றாகப் போகும் வாரத்தில்தான் மை தீரும்.